ஹவில்தார் சேதுபதியின் மூன்று விடுகதைகள்

மாசியில் இறந்துபோன ஹவில்தார் சேதுபதியின் இரும்புப் பெட்டி, ஆவணியில்தான் பட்டாளத்திலிருந்து ராஜபாளையத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர் மனைவி மாரிக்கனி அதைத் திறக்காமலே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். பதினாறு வயது மகள் சத்யப்பிரியாதான், அம்மா மில்லுக்குப் போன நேரம் பார்த்துத் திறந்தாள். கம்பளிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு தாள். அப்பாவின் குண்டு எழுத்து. மூன்று விடுகதைகள்.

ஒவ்வொரு லீவுக்கும் அப்பா அவளுக்கென்று ஒரு புதையல் வேட்டை வைப்பார். அரிசி டிரம், தண்ணீர்த் தொட்டி, தளவாய்புரத்து அத்தை வீட்டு ஆட்டுக்கொட்டில் என்று சீட்டு சீட்டாக அலையவிட்டு, கடைசியில் ஒரு கைக்கடிகாரமோ பேனாவோ கிடைக்கும். போன லீவில் மட்டும், "நீதான் பெரியவளாயிட்டியே, இனி எதுக்குட்டி அதெல்லாம்?" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். இப்போது இந்தத் தாள். கேலிக்குத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார், கடைசியாக ஒன்றை எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று அவள் நம்பினாள்.

'மாடியில் நின்றால் பதினொன்றையும் எண்ணலாம். எண்ணியதும் அதை நோக்கி நட.' பதினோரு நிலைக் கோபுரம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். ஆனால் தங்கள் வீட்டு மாடியில் நின்றால் சஞ்சீவி மலைதானே தெரியும்? அப்பா வேறு எதையோ நினைத்து எழுதியிருப்பார் என்று அதைத் தள்ளிவிட்டு, சனிக்கிழமை காலை பஸ் ஏறினாள்.

'வருஷத்தில் ஒரு நாள் நடப்பான், மீதி நாள் தகரக் கூட்டுக்குள் தூங்குவான். அவன் முதுகுப் பக்கம் போ.' அது தேர். தகரம் போட்டு மூடிய தேரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றாள்.

மூன்றாவதுதான் செத்த நேரம் படுத்தியது. 'முதல் எழுத்து கொண்டையில் இருக்கும், முழுச் சொல் கதவில் தொங்கும். அதை வைத்துப் பிழைப்பவரிடம் உன் பேரைச் சொல்.' வெயிலில் நின்று யோசித்தாள். பூ. பூட்டு! எதிரிலேயே குடைக்கடியில் ஒருவர் சாவிக்கு அரம் தேய்த்துக்கொண்டிருந்தார். இம்மானுவேல் என்று பலகையில் எழுதியிருந்தது. அவருக்குப் பின்னால் பழைய பூட்டுகளுக்கு நடுவே ஒரு பிஸ்கட் டப்பா. அதைக் கட்டியிருந்த பச்சைக் கயிறு அப்பாவின் கூடாரக் கயிறு.

"அண்ணாச்சி, அந்த டப்பா எனக்குத்தான். அப்பா குடுத்து வச்சது."

"பட்டாளத்துக்காரர் மகளா? பேரு சொல்லு தாயி."

"சத்யப்பிரியா."

அரம் நின்றது. "அந்தப் பேரு இல்லையே. வெங்கடேஸ்வரின்னுல்ல சொல்லிட்டுப் போனாவ."

அவள் செல்போனில் அப்பாவின் படத்தைக் காட்டினாள்.

"அவியதான். பின்னாடி சந்துல மாடி வீடு. வெங்கடேஸ்வரி அவிய மக. பதினோரு வயசுப் புள்ள."

"நாந்தான் அவிய மக!" என்று கத்தினாள். "அவிய செத்து ஆறு மாசமாச்சு!"

இம்மானுவேல், "கர்த்தரே!" என்று நெற்றியைத் தொட்டுக்கொண்டார். டப்பாவை அவர் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

சந்தில் அந்த வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பதினோரு நிலையும் பளிச்சென்று தெரிந்தது. கதவைத் திறந்த சிறுமிக்கு அப்பாவின் காது, அப்பாவின் முன்பல். கையிலிருந்த தாளைச் சத்யப்பிரியா நீட்டினாள். அதைப் பார்த்ததுமே சிறுமி துள்ளினாள். "அம்மா! அப்பா விடுகதை அனுப்பிருக்காரு!" என்று மாடிக்கு ஓடினாள்.

உள்ளேயிருந்து வந்த பெண் சத்யப்பிரியாவை ஒரே பார்வையில் தெரிந்துகொண்டாள். அவள் பெயர் இருளம்மாள்.

"மூத்தவளா? உள்ள வா தாயி."

"அப்பா எறந்தது தெரியுமா?"

"தெரியும். தூக்கிட்டுப் போகையில ரோட்டோரமா நின்னு பாத்தேன். உங்கம்மாவும் என்னையப் பாத்தாவ. எங்களை அவியளுக்கு எப்பவோ தெரியும்." குரலைத் தாழ்த்தினாள். "இவகிட்டத்தான் சொல்லல. அப்பா இருக்குற மலை மேல போனுக்கு டவர் இல்லன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ சொல்லிராத."

அம்மாவுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். சத்யப்பிரியா திரும்பி நடந்தாள்.

"ரெண்டாவது தேரு!" மாடியிலிருந்து சத்தம் வந்தது. "யக்கா, மூணாவது மட்டும் பிடிபடல. உனக்குத் தெரியுமா?"

தெரியும். ஒரு வார்த்தைதான். "உங்கப்பாகிட்டக் கேளு" என்றாள்.

"அங்க டவர் கெடைக்காதுக்கா."

பஸ்ஸில் ராஜபாளையம் வரும்வரை அந்தக் குரல் அவளை விடவில்லை. வீட்டில் அம்மா, "எங்கட்டி போன?" என்றாள். "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்றாள் இவள். மாரிக்கனி கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை மனசு கேட்காமல் மறுபடியும் போனாள். மூன்றாவது விடையைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணம். இம்மானுவேல் அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"அந்தப் புள்ளையே கண்டுபிடிச்சு வந்துருச்சு தாயி, மறுநாளே. தெரிஞ்சிருக்கும்னு நெனச்சு நான் பாட்டுக்கு, அப்பா இப்படிப் போயிட்டாவளேன்னு சொல்லிட்டேன். டப்பாவை அப்படியே போட்டுட்டு ஓடிருச்சு."

சத்யப்பிரியா சந்துக்கு ஓடினாள். வெங்கடேஸ்வரிதான் கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அன்னைக்கே உனக்குத் தெரியும்ல?" என்றாள் சிறுமி. "தெரிஞ்சுகிட்டுத்தான் அப்பாகிட்டக் கேளுன்னு சொன்னியா?"

சத்யப்பிரியா தலை குனிந்தாள். சிறுமி கதவைச் சாத்திக்கொண்டாள்.