முதுகுக்கு ஏற்ற நாற்காலி

லியோனார்ட் கிராணி உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார்.

"இடுப்புல இடிக்குது" என்றார்.

தச்சன் பத்துமலை நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டான். காலையிலிருந்து இது நான்காவது குறை. ஈப்போவில் பழைய சாமான் கடையொன்றில் கிடந்த பிரம்பு நாற்காலி அது. மலிவாகக் கிடைத்ததென்று வெள்ளைக்காரத் துரையே காரில் ஏற்றிவந்து தோட்டத்து ஆபீஸ் வாசலில் இறக்கியிருந்தார். ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிக்குத் துரை நாற்காலி வாங்கி வருவது சுங்காய்ப் பக்கத்துத் தோட்டங்களில் கேள்விப்படாத செய்தி. மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். லியோனார்டோ அதில் குறை தேடிக்கொண்டிருந்தார்.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. தைப்பிங்கில் ஓர் அரசாங்க ஆபீசில் அவருக்கு வேலை தயாராக இருந்தது. துரை விடுவிப்புக் கடிதம் கொடுத்தால் போதும். அவர் போக நினைத்தது மகள் டோரிசுக்காக. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அதனால் அந்தப் பெண் இரண்டாவது வருஷமாக அதே மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, மனப்பாடமான பாடத்தையே திரும்பவும் படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியவர் துரை. வருகிற விருந்தாளிகளையெல்லாம் கூட்டிப்போய் அதைக் காட்டுகிறவர். அவரிடம் போய், உங்கள் பள்ளிக்கூடம் போதாது என்று எந்த வாயால் சொல்வது? ஒன்பது வருஷமாகத் துரைக்கு முன்னால் உட்கார்ந்தே அறியாத லியோனார்டுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. முதுகு வலிக்கிறது, ஸ்டூலில் உட்கார முடியவில்லை என்று சொல்லிவிட்டார். வலி பொய்யில்லை. ஆனால் முதுகு வலிக்காக வேலையை விட்ட கிராணி எந்தத் தோட்டத்திலும் இல்லை.

துரை இரக்கப்பட்டுவிட்டார். நல்ல நாற்காலி ஒன்று தருகிறேன், அதிலும் வலித்தால் கடிதம் வாங்கிக்கொண்டு போ என்றார். கிராணியின் உடம்புக்குச் சரியாகும்வரை நாற்காலியைச் செதுக்கும்படி பத்துமலைக்கு உத்தரவு.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. மத்தத மாதா பாத்துக்குவா" என்று மனைவி இருதயமேரி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். அவரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பத்துமலை விடுவதாயில்லை. கால் தரையில் படவில்லை என்றால், முழங்கால் மடிப்பிலிருந்து பாதம்வரை தென்னை ஈர்க்கால் அளந்து, நான்கு கால்களையும் அரை விரல்கடை அறுத்தான். பிரம்பு தொய்கிறது என்றால் அவிழ்த்து இழுத்துக் கட்டினான். சாய்மானம் நிமிர்ந்து நிற்கிறது என்றால் ஆப்பை உருவி வேறு ஆப்பு அடித்தான். இவ்வளவு நல்ல தச்சனை இந்தத் தோட்டத்துக்கு யார் அனுப்பினார்கள் என்று லியோனார்ட் மனசுக்குள் சபித்தார்.

இடுப்பில் இடித்த கட்டையைச் செதுக்கிவிட்டுப் பத்துமலை நாற்காலியை நிமிர்த்தினான். "இப்ப ஒக்காருங்க ஐயா."

உட்கார்ந்தார். இடுப்பில் எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. தோள் தானாக இறங்கியது. ஒன்பது வருஷத்து வலி அவரைக் கேட்காமலே விலகிப்போனது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னும் சாக்கிட்டா ஐயா, வலிக்குதா?" என்றான் பத்துமலை. பிறகு அவனே, "இல்ல. மூச்ச விட்டீங்க, பாத்தேன்லா."

லியோனார்ட் குரலைத் தாழ்த்தினார். "பத்துமல, ஒரு கால மட்டும் கொஞ்சம் கூட அறுத்துருப்பா. ஆடட்டும். எம்புள்ள படிப்பு இதுல இருக்கு."

பத்துமலை ரம்பத்தைத் துடைத்தான்.

"பட்டறைக்கு வந்து ஆறு மாசம்தான் ஆவுது ஐயா. முன்ன காட்டுல புல்லு வெட்டுனேன். மழையில நின்னு நெஞ்செல்லாம் சளி. இது சரியா வரலேன்னா மறுபடி காட்டுக்கே போன்னுட்டாரு தொர." ரம்பத்தை அவர் பக்கம் நீட்டினான். "நீங்களே அறுங்க. நான் பாக்கலன்னு சொல்லிர்றேன்."

லியோனார்ட் ரம்பத்தை வாங்கவில்லை. வாங்கியிருப்பாரோ என்னவோ, அதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. விசுக்கென்று எழுந்து நின்றார்.

"உக்காரு, கிராணி" என்றார் துரை, தமக்குத் தெரிந்த தமிழில். "வலி இருக்கா?"

துரைக்கு முன்னால் உட்கார உடம்பு மறுத்தது. முழங்காலை மடக்கித்தான் இறக்கவேண்டியிருந்தது. பத்துமலை தன் காலடியில் கிடந்த மரத்தூளைப் பார்த்துக்கொண்டு நின்றான். இருக்கிறது என்று ஒரு சொல் போதும். லியோனார்ட் வாயைத் திறந்தார்.

"இல்லைங்க துரை."

பத்துமலைக்காகச் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை. இருதயமேரியிடம் பத்துமலைக்காக என்றுதான் சொல்லவேண்டும். அவள் நம்பமாட்டாள்.

துரைக்கு ஒரே சந்தோஷம். இனிமேல் தமக்கு முன்னாலும் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம் என்றார். தைப்பிங்குக்கு இப்போதே பதில் போட்டுவிடலாம், எழுது என்றார். பத்துமலையிடம் திரும்பி, மண்வெட்டியிலும் வாளியிலும் இருப்பது போல இதிலும் தோட்டத்து முத்திரையைப் போடச் சொன்னார். பக்கத்துப் பட்டறை அடுப்பில் முத்திரைக் கம்பி பழுக்கிறவரைக்கும் துரை நிதானமாக வாசகம் சொன்னார். லியோனார்ட் கோணாத எழுத்தில், தம்மால் வர இயலாததற்கு வருந்துவதாக எழுதினார்.

பின்னால் சாய்மானத்தில் சுர்ரென்று மரம் கருகியது. புகை தோளைத் தாண்டி வந்தது.

"சாயாதீங்க ஐயா, சுடும்" என்றான் பத்துமலை மெதுவாக.

அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை வைத்துவிட்டு, சாய்ந்தார்.