எரியக் கூடாத விளக்கு

"அது எரியக் கூடாதுன்னுதானே அப்படி வச்சிருந்தேன், உங்கள யாரு கை வெக்கச் சொன்…"

"எரியாத லைட்ட எதுக்குடி செய்யணும்? பிளக்கச் சொருவுனேன், எரியல. சரி, ஒயரு மாறிக் கெடக்குன்னு…"

"கரண்ட் இருக்கறப்பவே எரிஞ்சா அதுக்குப் பேரு எமர்ஜென்சி லைட்டா?"

"அத நீ எழுதி ஒட்டியிருக்கணும். பேட்டரி ஒயரு ரெண்டையும் மாத்திக் குடுத்தேன், பட்டுனு வெடிச்சா நான் என்னா பண்ணுவேன்?"

"நீங்கதாங்க பண்ணீங்க!"

வடக்குத்து ஊரில் அந்த வீடு முழுக்க மீன் கழுவின தண்ணீர் போல ஒரு வாடை. செவ்வந்தி பத்து நாளாகச் செய்த சர்க்யூட் பலகையில் கெப்பாசிட்டர் வாய் பிளந்து கிடந்தது.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுப் பன்னிரண்டு வருடம் வீட்டோடு இருந்தவள் அவள். டவுன்ஷிப் பஜாரில் யு.பி.எஸ். பழுது பார்க்கும் ஜானகியம்மாள், "சனிக்கிழமை நாலு மணிக்கு உன் கையால செஞ்ச எமர்ஜென்சி லைட் ஒண்ணு கொண்டா. வேலை செஞ்சா உனக்கும் வேலை" என்று சொல்லியிருந்தார். இன்றுதான் சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குப் போன கரண்ட் இனி நாலு மணிக்குத்தான் வரும்.

அவள் கணவன் செங்குட்டுவன், நிலக்கரிச் சுரங்கத்தில் கரி ஏற்றும் பெல்ட்டில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். தோற்க மனமில்லை.

"பத்து வருசமா, மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்துனா ரெண்டு ஒயர மாத்திக் குடுத்துக்கினுதான் இருக்கேன். ஒருநாளும் வெடிச்சதில்ல."

"அது ஏ.சி.ங்க. போயிப் போயித் திரும்பி வர்ற கரண்ட். பேட்டரி அப்படியா? இதுல பிளஸ் பிளஸ்தான், மைனஸ் மைனஸ்தான்." கருகிப்போன நான்கு டயோடுகளைக் குறட்டால் பிடுங்கி அவன் உள்ளங்கையில் போட்டாள். "பாருங்க."

"மொளகு மாதிரி இருக்கு. இது என்னா பண்ணும்?"

"கரி ஏத்திக்கினு மேட்டுல ஏறுற பெல்ட்டு, கரண்ட் போனா பின்னால வழுக்கினு வருமா?"

"வராது. ஹோல்ட்பேக் புடிச்சிக்கும். முன்னால சுத்த வுடும், பின்னால வுடாது."

"அதாங்க டயோடு."

அவன் உள்ளங்கையையே பார்த்தான். "அப்ப நான்…"

"பேட்டரிய மாத்திக் குடுத்ததும் நாலும் கதவத் தொறந்து வுட்டுடுச்சி. மொத்த கரண்டும் அது வழியாவே போயி, கருகிடுச்சி."

"பல்பு?"

"எல்.இ.டி.யும் ஒரு டயோடுதான். பின்பக்கமா வந்தத உள்ள வுடல. பொழச்சிக்கிச்சி." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணிக்கு நான் என்னத்தத் தூக்கினு போவேன்?"

செங்குட்டுவன் எழுந்துபோய் ஸ்குரூ டிரைவருடன் வந்தான். "எதெதுல கெடைக்கும், சொல்லு."

அணைந்துபோன பழைய சி.எஃப்.எல். பல்பின் அடிமூடிக்குள் நான்கு டயோடு இருந்தன. கெப்பாசிட்டர் மட்டும், கல்யாணத்துக்கு வந்த டேப் ரெக்கார்டருக்குள்.

"அது நல்லா இருக்குடி."

"ஆறு வருசமா பாடல."

"பாடலன்னாலும்…" என்றபடியே அவன் திருகாணியைக் கழற்றினான்.

கரண்ட் இல்லாமல் சால்டரிங் அயர்ன் சுடுமா? கேஸ் அடுப்பில் முனையைக் காட்டிச் சிவக்கவைத்து அவன் ஓடிவருவான். ஆறுவதற்குள் அவள் ஈயத்தை உருக்கி டயோடின் ஒரு காலைப் பற்றவைப்பாள். மறுபடி அடுப்பு. திசை காட்டும் கோட்டைத் தடவிப் பார்த்து, ஒவ்வொரு டயோடுக்கும், "வெள்ளக் கோடு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டே கொடுத்தான். நான்காவதற்கும் கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மூணு கால் வச்சிக்கினு நிக்குதே, இது?"

"டிரான்சிஸ்டர். ஒங்க கண்ட்ரோல் ரூம் பட்டன். சின்னதா அமுத்துனா அம்மாம் பெரிய பெல்ட்ட ஓட்டவும் செய்யும், நிறுத்தவும் செய்யும். லைன்லேர்ந்து துளி கரண்ட் வந்துக்கினு இருக்கற வரைக்கும் லைட்ட நிறுத்தி வெச்சிருக்கும். துளி நின்னா எரிய வுட்டுடும்."

மூன்றே காலுக்குப் பேட்டரியை மாட்டினாள். வெள்ளை வெளிச்சம்.

"எரியுது புள்ள!"

"இது பாதிதான். பிளக்குல சொருவுனா அணையணும். அத இங்க எங்க பாக்கறது?"

"நம்ம கரியில கரண்ட் எடுக்கறது பக்கத்துல, காத்துக் கெடக்கறது நாம. டவுன்ஷிப்புல கட் இல்ல, அங்க பாத்துக்கலாம்" என்று வண்டியை உதைத்தான்.

ஜானகியம்மாள் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். பேச்சை அளந்துதான் விடுவார். கடையில், எரிந்துகொண்டிருந்த விளக்கை வாங்கி, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டார். விளக்கு அணைந்தது.

"என்னம்மா, அணைஞ்சு போச்சு?"

செவ்வந்தி வாய் திறப்பதற்குள், "அணையணுங்க! எரிஞ்சாத்தாங்க தப்பு!" என்றான் செங்குட்டுவன்.

ஜானகியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு சுவிட்சை நிறுத்தினார். விளக்கு எரிந்தது. போட்டார், அணைந்தது. பலகையைத் திருப்பி, ஓரத்தில் ஒட்டியிருந்த கரியை நகத்தால் சுரண்டினார்.

"இதுல கெப்பாசிட்டர் வெடிச்சிருக்கே. யார் பார்த்த வேலை?"

செவ்வந்தி தலை குனிந்தாள்.

"நாந்தாங்க," என்றான் அவன். "மோட்டார்னு நெனச்சி ஒயர மாத்திட்டேன். அப்புறம் மூணு மணி நேரத்துல மறுபடி உயிர் குடுத்தது இவ. கரண்ட் இல்லாம, அடுப்புல காச்சி."

"அடுப்புலயா?"

"ஆமாங்க. கேஸ் அடுப்புல."

ஜானகியம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே போய், தூசி படிந்த ஒரு யு.பி.எஸ். பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். காலால் ஸ்டூலை செவ்வந்தி பக்கம் தள்ளினார்.

"மூணு நாளா என்னை ஏமாத்துது இது. உக்காந்து பாரு, இதுல எது செத்திருக்கு?"