ஜன்னலுக்குக் கீழே கரிச்சட்டி

மாடிவீட்டு யாமினிக்குக் கல்லூரியில் கொடுத்தனுப்பிய கருவி ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருந்தது. காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று அதில் எண் ஓடும். மாடிப்படித் திருப்பத்து ஜன்னலில் அதை வைத்துவிட்டு, கீழே தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ரஞ்சிதம் ஆண்டி, நானும் கிரேஸும் பொறந்தப்ப உலகம் பூரா காத்துல இது முந்நூத்தி எண்பத்தஞ்சு. இப்ப நானூத்தி இருபத்தஞ்சு. எல்லாம் மனுசங்க எரிச்சது. பெட்ரோல், டீசல், கரி. அதான் ஏப்ரல்ல அப்படி வெந்தோம்."

"நான் வந்த புதுசுல இந்த ஊர்ல ஃபேனே தேவப்படாது," என்று அம்மா கழுத்தைத் துடைத்தாள். "என்னமா பேசுது பாரு இந்தப் பொண்ணு!"

நான் ஒரு சட்டையின் காலரை மடித்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்த வருடத்து எண்ணைக்கூட அவள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒன்பதாவது வரை எங்களுக்கு ஒரே பெஞ்ச். அறிவியலில் என்னைப் பார்த்துத்தான் எழுதுவாள். அம்மாவின் வலது கை வெந்துபோனபோது நான் பள்ளியை விட்டு நின்றேன். பெஞ்சில் அவளுக்கு இடம் தாராளமானது.

ஆனால் தினமும் காலையில் அவள் குளிக்கப் போகும் பத்து நிமிடம் அந்தக் கருவி என்னுடையது. மொட்டைமாடிக்கு எடுத்துப்போய், மூச்சுப் படாமல் கையை நீட்டிப் பிடித்து, எண்ணை என் நோட்டில் எழுதுவேன். 431. 436. 429. எதிர் அபார்ட்மெண்டின் ஜெனரேட்டர் ஓடிய அன்று 512. எனக்கு ஒரு நோட்டு இருப்பது அம்மாவுக்கே தெரியாது. அது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும்.

ஒருநாள் அவளுடைய கல்லூரி ரெமிஜியஸ் சார் நேரிலேயே வந்தார். ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறினார். இந்தத் தெருவிலிருந்து ஒரு விஞ்ஞானி வரப்போகிறாள் என்று மேலே அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் இறங்கி வரும்வரை ஹெல்மெட்டைப் பிடித்தபடியே நின்றேன்.

மறுநாள் முதல், இஸ்திரிப் பெட்டிக்காகக் கேட்டருகே மூட்டும் கரிச்சட்டியை அந்த ஜன்னலுக்கு நேர்கீழே வைத்து மூட்டினேன். கேட்டருகே காற்று அதிகம் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். 900. 1400. 1870. எண்களெல்லாம் கெட்டு, சார் முன்னால் யாமினி விழிப்பதை நினைத்துக்கொண்டே விசிறினேன்.

அவள் விழிக்கவில்லை. குதித்தாள்.

"ஏய் கிரேஸு, சக்கத்தா, சூப்பரா ஒண்ணு கண்டுபுடிச்சிட்டேன்டி! காலைல ஏழு மணிக்கு மட்டும் சர்ருனு ஏறுது. எல்லாம் உங்க கரி!"

சட்டி இடம் மாறியதே அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் வண்டியை அவள் என்றைக்குக் கவனித்தாள்?

கல்லூரிக் கண்காட்சிக்கான சார்ட்டின் நடுவில் அம்மாவும் தள்ளுவண்டியும் இருக்கும் படத்தை ஒட்டியிருந்தாள். அதற்குச் சிவப்பு அம்பு போட்டு, இங்கே காற்றைக் கெடுப்பது இதுதான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். சனிக்கிழமை கண்காட்சி. எதிர் அபார்ட்மெண்ட் பிள்ளைகளும் அந்தக் கல்லூரிதான், பெற்றோர்கள் வருவார்கள். அவர்கள் துணியில்தான் எங்கள் சோறு. புகை வருகிறது, வண்டியை எடு என்று ஏற்கெனவே இரண்டு முறை சொன்னவர்கள்.

அம்மா தலைவாரிக்கொண்டு அந்தப் படத்துக்கு நின்றிருந்தாள். "நம்ம வண்டி காலேஜுக்குப் போகுதுடி," என்று பூரித்தாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலை நோட்டோடு மாடியேறினேன். மொட்டைமாடி எண்கள் இருந்த ஒரு தாளைக் கிழித்து நீட்டினேன்.

"இது மொட்டமாடியிலயா? தெனமுமா எடுத்த?"

"ம்."

"அப்ப ஜன்னல்ல எப்படி இவ்ளோ?"

"சட்டிய நான்தான் அங்க வெச்சேன். வேணும்னே."

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தை நான் மறந்துபோயிருந்தேன். யாமினி எல்லோர் முன்னாலும் அசிங்கப்பட வேண்டும் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

"பாவி," என்றாள். கண் கலங்கியது. "உன்னப் பாத்து எழுதியே பாஸானவ நான். நீ நின்னதுக்கப்புறம் ஒவ்வொரு பரிட்சைக்கும் எப்படி நடுங்குறேன் தெரியுமாடி உனக்கு?"

எனக்குத் தெரியாது. தெரிந்தபோது, வெட்கப்பட வேண்டிய நேரத்தில் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அம்மாவின் படத்தை ஓரத்திலிருந்து உரித்தாள். "மிச்ச நாளும் சொல்லு. ஃபுல்லா திருப்பிப் போடணும்."

நான் வாசிக்க வாசிக்க அவள் புள்ளி வைத்தாள். 512 வந்ததும் நிறுத்தினாள். "இது என்னைக்கு?" ஜெனரேட்டரைச் சொன்னேன். அந்தப் புள்ளியைச் சிவப்பில் வட்டமிட்டாள்.

"உன் பேரும் போடட்டுமா?"

"ஐயோ, வேணாம்."

சனிக்கிழமை காலை சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். தன் படம் போகிறது என்று நினைத்து அம்மா கையாட்டினாள். நான் கேட்டருகே சட்டியை விசிறிக்கொண்டிருந்தேன். அந்தச் சார்ட்டின் கீழ்மூலையில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. வேண்டாம் என்றது நான்தான்.

இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் அவள்.