போன வருஷத்து முதலிடம்

எங்கள் அத்தானை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் திட்டும்போது யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'விசில்'. வீட்டில் நாங்களும் அவர் காதுபடவே அப்படித்தான் சொல்லுவோம், அவரும் சிரித்துக்கொள்வார். அவருடைய மனைவி, அதாவது என் அக்கா, வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்த வருஷம் விமானம் ஏறினாள். அந்தப் பாப்பா இப்போது பத்தாம் வகுப்பு. நான் மருந்துக் கடையில் பில் போடுகிறேன். மற்ற நேரமெல்லாம் பாப்பாவுக்குத் தலை பின்னுவது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருவது, அவள் ஆசிரியையிடம் பாட்டு வாங்குவது என்று அக்கா செய்ய வேண்டிய வேலைகளை நான் செய்கிறேன். பாப்பாவுக்கு நான் சித்தி. அம்மா என்று அவள் சொல்வது செல்போன் திரையைப் பார்த்துத்தான்.

ஏற்பாடு ரொம்பச் சாதாரணமானது. அக்கா அனுப்பும் பணத்தில் வீட்டுச் செலவு போக மிச்சத்தை அத்தான் மியூச்சுவல் ஃபண்டில் போட வேண்டும். இரண்டு அறையோடு சொந்தமாக ஒரு வீடு வாங்கும் அளவுக்குச் சேர்ந்ததும் அக்கா வேலையை உதறிவிட்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

அத்தானுக்கு அவளைச் சீக்கிரம் கூட்டிவர வேண்டும் என்ற தவிப்பு. தினமும் போனில், "இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கோ" என்பார். வருஷம் பிறந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். போன வருஷம் லாபத்தில் எந்த ஃபண்ட் முதலில் வந்தது என்று பார்ப்பார். கையில் இருப்பதை முழுக்க விற்றுவிட்டு அதில் போடுவார். அடுத்த வருஷம் வேறொன்று முதலில் வந்திருக்கும். மறுபடியும் விற்பார், மாறுவார். ஏன் இப்படி என்று கேட்டால் மைதானத்துக் கதை சொல்லுவார்.

"போன தடவை நூறு மீட்டர்ல முதல்ல வந்தவனைத்தானே இந்தத் தடவையும் அனுப்புறேன்? அதே பையன், அதே கால். எப்படித் தோப்பான்?"

"பணத்துக்குக் கால் இருக்கா அத்தான்?"

"இருக்கே. மாசக் கடைசியில நீ பாத்ததில்லையா?"

இப்படிச் சிரிக்க வைத்துத்தான் என் வாயை அடைப்பார். அவருடைய பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் இண்டெக்ஸ் ஃபண்ட் என்று ஒன்றில் போட்டுவிட்டு, அப்புறம் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பங்குச்சந்தை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுதான் அதுவும் ஏறும், இறங்கினாலும் கூடவே இறங்கும். அத்தான் அதைக் கேலி செய்வார். "நடுவுல ஓடுற பையன். அவனுக்கு யாரு மெடல் குடுப்பா?"

இந்த வருஷம் அக்காவின் முதுகு மக்கர் செய்தது. கட்டிலில் கிடக்கிறவர்களைப் புரட்டிப் புரட்டி எலும்பு தேய்ந்துவிட்டது என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒன்றரை மாத விடுப்பில் வந்தாள். வந்த மறுநாளே, "நான் திரும்பிப் போகலைங்க. இத்தனை வருஷத்துல சேந்திருக்குமே?" என்றாள். அத்தான் கணக்கைக் காட்டினார். வீட்டு விலையும் ஏறிவிட்டதால், வேண்டியதில் முக்கால்வாசிதான் இருந்தது.

"எல்லாமே பதினெட்டு சதவீதம், இருபது சதவீதம்னீங்களே?" என்றாள் அக்கா. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. விவரம் தெரிந்த யாரிடமாவது போய்க் கேட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று இரண்டு பேரையும் கிளப்பினேன்.

டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது, நாங்கள் தேடிப் போன முதலீட்டு ஆலோசகர் அம்மாவின் அலுவலகம். ஒரு மேசை, நான்கு நாற்காலி, கீழேயிருந்து ரப்பர் வாடை. அத்தானின் கணக்கு முழுவதையும் அவர் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். அத்தானுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"நான் எடுத்த ஒவ்வொண்ணும் முதல் ரேங்க் மேடம். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கல."

"தெரியுது சார். எல்லாமே நல்லா ஓடினதுதான். ஆனா நீங்க வர்றதுக்கு முன்னாடி ஓடினது. அந்த லாபம் அப்ப அதுல இருந்தவங்களுக்குப் போயிடுச்சு. நீங்க உள்ள போன வருஷம் ஒவ்வொண்ணும் என்ன ஆச்சுன்னு பாருங்க."

விரலை வைத்துக் காட்டினார். ஒன்று மருந்துக் கம்பெனிப் பங்குகளாக வாங்கிக் குவித்தது. அந்தத் துறைக்கு நல்ல காலம் என்பதால் முதலில் வந்திருந்தது. அத்தான் சேர்ந்ததும் அந்த நல்ல காலம் முடிந்துபோனது. இன்னொன்றை நடத்திய ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், பழைய ரேங்க் மட்டும் அதே பெயரில் நின்றது. ஐந்து வருஷ வளர்ச்சி என்று மற்றொரு ஃபண்ட் வரைபடம் போட்டிருந்தது. அந்தக் கோடு, சந்தை அதலபாதாளத்தில் கிடந்த மாதத்திலிருந்து தொடங்கியது. "ஆறு மாசம் தள்ளி ஆரம்பிச்சுப் பாத்தா பாதிகூட வராது சார். ஒரு தேதியை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. வேற வேற தேதியில ஆரம்பிச்சுப் பாக்கணும். அதே காலத்துல சந்தை எவ்வளவு ஏறுச்சு, அதைவிட இது கூடவா குறைவான்னு பாக்கணும்."

"நான் முன்னாடி எடுத்த இந்த ஃபண்ட் இப்ப பட்டியல்லயே இல்லையே மேடம்?" அத்தானின் குரல் இறங்கிவிட்டது.

"அதை வேற ஃபண்டோட சேத்துட்டாங்க. சரியா ஓடாததை இப்படிச் சேத்தா அதோட பழைய கணக்கும் கண்ணுல படாமப் போயிடும். பட்டியல்ல நீங்க பாக்குறது பிழைச்சுக் கிடக்கிறதை மட்டும்தான். அப்புறம், ஒவ்வொரு தடவை விக்கும்போதும் வரி போயிருக்கு. சிலதுல வெளிய வர்றதுக்கே தனியா கட்டணம்."

அக்கா கேட்டாள்: "அந்த டீச்சர் மாதிரி, ஒரே இண்டெக்ஸ் ஃபண்ட்ல போட்டுச் சும்மா விட்டிருந்தா?"

ஆலோசகர் அம்மா அத்தானைப் பார்த்தார். "இதெல்லாம் இப்ப பேசி என்னம்மா? இனிமே என்ன பண்ணலாம்னு பாப்போம்."

"இல்ல, சொல்லுங்க. நான் எப்ப வந்திருப்பேன்?"

அவர் கணக்குப் போட்டார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "மூணு வருஷத்துக்கு முன்னாடி."

அக்கா என்னைப் பார்த்தாள். "அப்ப அம்மா இருந்தாங்க, இல்லடி?"

இருந்தாள். எங்கள் அம்மா போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது. கடைசி வாரம் முழுக்க, கதவு சத்தம் கேட்டாலே, "பெரியவ வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அக்கா அங்கே யாரோ ஒருவரின் அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைத் தலையணைமேல் சாய்த்து வைத்த போனில்தான் பார்த்தாள். அதை நினைத்ததும் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தான் எங்களுக்குப் பின் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அவளே எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திட்டிடு," என்றார் அவர்.

"எதுக்கு? நான் சீக்கிரம் வரணும்னுதானே பண்ணீங்க." முதுகுக்குப் பின்னால் கைப்பையைச் செருகிக்கொண்டாள். "பெல்ட் போட்டுக்கிட்டா முதுகு தாங்கும். இன்னும் நாலு வருஷம் போயிட்டு வந்துடறேன். நீங்க மட்டும் எதையும் மாத்தாதீங்க."

நாலு வருஷத்தில் பாப்பா பள்ளிக்கூடம் முடித்து, எங்கேயாவது விடுதியில் இருப்பாள். அது மூன்று பேருக்குமே தெரியும்.

வீட்டுக்கு வந்தால், பாப்பா தன் அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்திருந்தாள். அம்மா இனிமேல் இங்கேதான் என்று அவளிடம் அக்காவே வந்த அன்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தலை பின்னுவதும் அக்காதான். "மேல் தட்டு ரெண்டும் உனக்கும்மா. என்னோடதைக் கீழ வெச்சுக்கிட்டேன்" என்றாள்.

அக்கா பெட்டியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பாப்பா வாங்கி அடுக்கினாள். ஒன்றரை மாதத்துக்கு எதற்கு இத்தனை மடிப்பு என்று நினைத்தேன். ஆனால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தேன்.

பெட்டி காலியானதும் பாப்பா அதை மூடி நிமிர்த்தினாள். "அப்பா, இது இனிமே வேண்டாமில்ல? பரண்ல போட்டுடலாமா?"

அத்தான் வந்து பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கினார். பரணை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து, கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில், கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

பாப்பா கட்டிலின் அடியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் திரும்பி, "சித்தி, நாளைக்கு எனக்கு நீயே தலை பின்னி விடு" என்றாள்.