ரயிலுக்கு முறை வைத்த ஊர்

சேத்தாம்பாக்கம் சுரங்க ரயில் நிலையத்தை யாரும் தோண்டவில்லை. வெளியூர்க்காரர்கள் இதை நம்புவதில்லை. நம்பாதவர்கள் பாகூர்ப் பக்கம் வந்து எங்கள் மண்ணை ஒரு மழைக்காலத்தில் மிதித்துப் பார்க்கலாம். செருப்பை விட்டுவிட்டுத்தான் போவார்கள். எல்லா ஊர் ஸ்டேஷனையும் போல எங்கள் ஸ்டேஷனையும் தரைக்கு மேலேதான் கட்டினார்கள். முதல் மழைக்கு நடைமேடை தரையோடு தரையானது. அடுத்த மழைக்கு டிக்கெட் ஜன்னலில் மண்டி போட்டுப் பேச வேண்டியதாயிற்று. அதற்கடுத்த ஐப்பசியில் கூரை மேல் ஆடு மேய்ந்தது. இன்ஜினியர்கள் வந்தார்கள். தூக்கி நிறுத்துவதைவிடப் படி கட்டுவது மலிவு என்று கண்டுபிடித்துப் படி கட்டினார்கள். படியும் போதாமல் நகரும் படி வைத்தார்கள். தண்டவாளத்தை இரண்டு பக்கமும் சரிவாக வளைத்து உள்ளே இறக்கினார்கள். கடைசியாகப் பெயர்ப் பலகையைக் கழற்றி, ‘சுரங்க’ என்று ஒரு சொல் சேர்த்து மறுபடி மாட்டினார்கள். எங்களுக்குச் சுரங்க ரயில் வந்தது இப்படித்தான்.

ரயில் நல்லவாட்டில் கிளம்பி, எங்கள் ஊர்ப் பள்ளத்தில் இறங்கி ஏறி, அரியாங்குப்பம் வழியாகப் பாண்டிக்குப் போகும். வந்ததே தவிர அதில் ஏற ஆள் இல்லை. வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிற ஊரில் எவன் படியிறங்கிப் போய் ரயிலுக்குக் காத்திருப்பான். தினமும் ஏறுகிறவள் ஒருத்திதான். என் தம்பி மகள் வைஜெயந்தி. பாண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். உள்ளூரிலேயே கீழத்தெரு குணாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். குணா ஒருநாள் அரியாங்குப்பம் பாலத்தில் வண்டியோடு விழுந்து காலில் கம்பி வைத்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு அவனுடைய அம்மா கெங்கம்மாள் ஒரு சட்டம் போட்டாள்.

“ரயில்ல போனா வேலைக்குப் போவட்டும். இல்லன்னா வூட்ல இருக்கட்டும். ரெண்டு சக்கரத்துல எம் மருமவ ஏறக் கூடாது. ஒரு காலுக்குக் கம்பி வெச்சது போதும்.”

கெங்கம்மாள் போட்ட சட்டத்தை மாற்ற எந்தச் சபையாலும் முடியாது.

இப்படி இருக்கையில் ரயில்வேயிலிருந்து தணிகைவேல் என்று ஒரு அதிகாரி வந்தார். நகரும் படியில் இறங்கினார், காலி நடைமேடையைப் பார்த்தார், அதே படியில் ஏறினார். “இப்படியே இருந்தால் அடுத்த மாதத்திலிருந்து வண்டி இங்கே நிற்காது” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வைஜெயந்தி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே பேசினாள்.

“வண்டி நிக்கலன்னா என் வேல போச்சி பெரியப்பா.”

“உம் மாமியாகிட்ட நான் பேசட்டுமா?”

“போன தபா நீங்க பேசிட்டு வந்தப்புறம்தான் சட்டம் இன்னும் கெட்டியாச்சி. சும்மா இருங்க.”

நியாயம்தான். சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நானும் இருந்திருப்பேன். மறுநாள் கோயில் வாசலில் ஊரைக் கூட்டினேன்.

“ஏரியில தண்ணி கொறஞ்சா இன்னா பண்றோம்? தெருவுக்கு ஒரு முறை வெச்சிப் பாய்ச்சறோம். அதே மாரி ரயிலுக்கும் முறை வெச்சிடலாம். அவங்கவங்க முறைக்கு அவங்கவங்க ஏறிட்டு வந்துடணும்.”

கரும்பு போடுகிற சின்னதம்பி கேட்டான்: “தண்ணிக்கு முறை வெச்சா நெல்லு வெளையும். ரயிலுக்கு முறை வெச்சா இன்னா வெளையும்?”

“ரயில் நிக்கும்.”

“நின்னா?”

“நின்னா நம்ம வைஜெயந்தி ஏறுவா.”

“அவ ஒருத்தி ஏறதுக்கு ஊரே ஏறணுமா?”

“ஒரு பொண்ணு வேலைக்குப் போறத ஊரே சேந்து நிறுத்தத் தெரியும். ஏத்தி விட மட்டும் முடியாதா?” என்றாள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஜெயசுதா. பால் சொசைட்டியில் இருப்பவள். அவள் பேசினால் எங்கள் ஊர் ஆண்கள் பாலில் தண்ணீர் கலந்ததை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவார்கள். முறை வைப்பது முடிவாயிற்று.

கெங்கம்மாள் மட்டும் வீட்டுக்குப் போகிற வழியில் என்னை நிறுத்தினாள். “சம்மந்தி, ரயில நிக்க வெக்கறீங்களோ, பறக்க வெக்கறீங்களோ, அது உங்க இஷ்டம். என் பேச்சு ஒண்ணுதான்.” ஆனால் கீழத்தெரு முறைக்கு முதல் ஆளாக வந்து நின்றதும் அவள்தான்.

ஆரம்பத்தில் ஊர் பாண்டிக்குப் போய், ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பி வந்தது. போன காரியம் ஒன்றுமில்லை. வந்த காரியமும் ஒன்றுமில்லை. பெண்கள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே போய் உரித்துக்கொண்டே வந்தார்கள். ராமு தன் கன்றுக்குட்டிக்கும் ஒரு முறை கேட்டான், மறுத்துவிட்டோம். பிறகுதான் தண்ணீர் முறையில் உள்ள தகராறெல்லாம் ரயிலுக்கும் வந்தது. சின்னதம்பி முறையில் பக்கத்து வயல் பக்கிரி ஏறிவிட்டான்.

“எம் முறையில நீ ஏண்டா ஏறின?”

“நீ வரல. வண்டி சும்மா போவுதேன்னு ஏறினேன்.”

“தண்ணியும் சும்மாதான் போச்சின்னு போன வருஷம் எங் காவாய ஒடச்ச.”

இரண்டு பேரும் அந்தச் சண்டையை முடிக்க முடியாமல் எல்லா வண்டியிலும் ஏறி அதைத் தொடர்ந்தார்கள். ரயில்வேக்கு அதில் லாபம்.

ரயிலில் போய் வந்து பழகி, ஊருக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாமல் போனது. சோறு சாப்பிடுகிறவன் பாதியில் எழுந்து நடப்பான். இரவு கட்டில் ஆடவில்லை என்று தூக்கம் வராமல் புரண்டார்கள். ராமுவின் மனைவி அமுதம் அவனுக்காகக் கட்டில் காலுக்கு அடியில் தேங்காய் வைத்து ஆட்டிவிட்டாள். நாய்கள் நகரும் படியில் இறங்கி நகரும் படியில் ஏறின. வயலுக்குப் போக ஆளில்லாததால் நாற்றங்காலில் இருந்த நாற்று, பிடுங்கி நட வருவார்கள் என்று பார்த்துப் பார்த்து, பொறுமையிழந்து அங்கேயே கதிர் விட்டது. அதை நான் என் கண்ணால் பார்க்கவில்லை, ரயிலில் கேள்விப்பட்டேன்.

இதற்குள் நல்லவாட்டுக்காரர்களுக்குச் சேதி போய்விட்டது. சேத்தாம்பாக்கத்தில் கூட்டம் ஏறுகிறது, நம் ஸ்டேஷனை எடுத்துவிடப் போகிறார்கள் என்று பயந்துபோய் அவர்களும் முறை வைத்துவிட்டார்கள். கடலுக்குப் போய்வந்த கையோடு, வலையைக் கரையில் போட்டுவிட்டு நேராக வண்டியில் ஏறினார்கள். எங்கள் பள்ளத்தில் இறங்கும்போதே வண்டி நிறைந்திருந்தது.

வைஜெயந்திக்கு உட்கார இடம் போனது. பிறகு நிற்க இடம் போனது. இரண்டு மூன்று தடவை வண்டியைத் தவறவிட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள்: இன்னொரு தடவை தாமதமாக வந்தால் வேறு ஆள் வைத்துக்கொள்வோம்.

“நீங்க யாராவது எறங்கினீங்கன்னா நான் ஏறுவேன் பெரியப்பா” என்றாள்.

“நாங்க எறங்கினா வண்டி நிக்காதேம்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள்.

அந்தச் சமயத்தில் தணிகைவேல் மறுபடி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. ஊர் கூடிப் பேசியது. அவர் வருகிற காலையில் முறை கிடையாது, எல்லாத் தெருவும் ஒரே வண்டியில் ஏறிக் காட்டிவிடுவது என்று முடிவு. யார் முடிவு செய்தது என்று இப்போது விசாரிப்பதில் பயனில்லை.

அன்று காலை ஸ்டேஷன் வாசலில் ஊரின் வண்டிகள் அத்தனையும் சாவியோடு நின்றன. எங்கள் ஊரில் வண்டியிலிருந்து சாவியை எடுக்கிற வழக்கம் இல்லை. திருடுகிறவனும் இங்கேதானே இருக்கப் போகிறான். கீழே ரயில் வந்தது. ஏற்கெனவே நல்லவாடு முழுக்க உள்ளே இருந்தது. அதற்கு மேல் சேத்தாம்பாக்கம் ஏறியது. என் தோளில் ஒரு மீன்கூடை, என் காலின் மேல் கெங்கம்மாள் கால். தணிகைவேல் நடைமேடையில் நின்று திருப்தியோடு தலையசைத்தார். அவருக்குப் பக்கத்தில், கையில் சாப்பாட்டுப் பையோடு, வைஜெயந்தி நின்றிருந்தாள். ஒரு கதவு தேடி ஓடினாள், அடுத்த கதவுக்கு ஓடினாள். எல்லாக் கதவிலும் நாங்கள் இருந்தோம்.

“ஏய், அவள உள்ள இழுங்கடா” என்றாள் கெங்கம்மாள். இழுக்கக் கையை எடுக்க முடிந்தவர் யாரும் இல்லை. கதவு மூடியது. கண்ணாடி வழியாக மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வைஜெயந்தி திரும்பி, நகரும் படி நகரும் வேகம் போதாமல், அதன் மேல் ஓடி ஏறினாள்.

ரயில் கிளம்பியது. பள்ளத்திலிருந்து மேட்டில் பாதி ஏறியது. இரண்டு ஊரின் பாரம் தாங்காமல் மூச்சு வாங்கி நின்றது. மெதுவாகப் பின்னால் வழுக்கி நடைமேடைக்கே வந்தது. மறுபடி முயன்றது. மறுபடி வழுக்கியது. ஒவ்வொரு தடவையும் தணிகைவேல் எங்களைக் கடந்து போனார், வந்தார். நல்லவாட்டுக்காரர் ஒருவர், கரையில் படகைத் தள்ளுகிற மாதிரி உள்ளேயிருந்தே ‘ஏலோ’ போட்டார். பயனில்லை.

“அவ வேல போச்சி” என்றாள் கெங்கம்மாள். குரலில் சட்டம் போட்ட அந்தக் கெட்டி இல்லை. “எல்லாம் சேந்து அந்தப் பொண்ணு வேலைய முடிச்சிட்டோம் சம்மந்தி.”

நான்காவதோ ஐந்தாவதோ வழுக்கலில் என் போன் அடித்தது. எங்கள் ஊரில் மேலே சிக்னல் கிடைக்காது. கீழே நன்றாகக் கிடைக்கும். கையை மேலே கொண்டுவர முடியாததால் இடுப்பிலேயே ஸ்பீக்கரைப் போட்டேன். பெட்டி முழுக்கக் கேட்டது.

“பெரியப்பா, நான் வந்து சேந்துட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன்.”

“எப்டிம்மா?”

“பக்கிரி மாமா வண்டிய எடுத்துகினு வந்துட்டேன். அவர்கிட்ட சொல்லிடுங்க.”

பக்கிரி எனக்குப் பின்னால் எங்கேயோ நசுங்கியபடி சொன்னான்: “அதுல பிரேக்கு புடிக்காதே.”

“புடிக்கலதான். பாலத்துக்கிட்ட கால ஊனிகினேன்.”

பெட்டியில் எல்லோரும் கெங்கம்மாளைப் பார்த்தார்கள். பார்க்கத் திரும்ப முடியாதவர்கள் திரும்ப முயன்றார்கள். கெங்கம்மாள் என் இடுப்புப் பக்கம் குனிந்தாள்.

“ஏண்டி.”

“இன்னா அத்தே.”

“தலைக்கு இன்னா போட்டுகினு போன?”

“வண்டியில ஒரு ஹெல்மெட்டு தொங்கிச்சி. போட்டுகினேன்.”

ரயில் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது.

“சாயங்காலம் வரச்சொல்ல பிரேக்க ரெடி பண்ணிகினு வா” என்றாள் கெங்கம்மாள். “பக்கிரி காசு குடுப்பான்.”

“நான் ஏன் குடுக்கணும்?” என்றான் பக்கிரி.

“பிரேக்கு இல்லாத வண்டிய எம் மருமவளுக்குக் குடுத்த இல்ல, அதுக்கு.”

போனை அணைத்தேன். கெங்கம்மாள் நிமிர்ந்து, முந்தானையை இழுக்க இடமில்லாமல் விட்டுவிட்டு, என்னைக் கேட்டாள்: “அப்ப நாம எதுக்கு சம்மந்தி இதுல ஏறினோம்?”

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தபோது ரயில் வழுக்கி வந்து நடைமேடையில் நின்றது. கதவு திறந்தது. இறங்கலாமா என்று ஊர் ஒருமுறை யோசித்தது. சின்னதம்பி பக்கிரியைப் பார்த்தான், பக்கிரி சின்னதம்பியைப் பார்த்தான். இறங்கினால் முறை போய்விடும். யாரும் அசையவில்லை. கதவு மூடியது.