நெட்டில் பார்த்துக்கொண்டிருந்தது

விடிந்ததும், முயல் வேட்டைக்கு ஹேசல் வளர்க்கும் கீரி போன்ற ஃபெரட், நெட்டில் என்று பெயர், கூண்டு வாசலில் உட்கார்ந்து, அங்கே இல்லாத எதையோ பார்த்தது. மூடுபனியில் தோட்டத்துக் கோஸ்கள் மிதந்தன. அவற்றுக்கும் அப்பால், மூடிப்போன சுரங்கத்தின் புல் முளைத்த மேட்டில் அதன் கண்கள் நிலைத்திருந்தன. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. முன்காலால் வாயை வழித்துவிட்டு மறுபடியும் பார்த்தது. ஹேசல் சாவிக்கொத்தைக் குலுக்கினாள். மற்ற நாட்களில் அந்தச் சத்தம் கேட்டால் முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளி வரும் ஃபெரட், இன்று காதைக்கூட அசைக்கவில்லை. தூக்கியபோது, ஈரக் காலுறை மாதிரி கையில் தொங்கியது.

பல்லில் எலும்பு சிக்கியிருக்குமோ என்று வாயைத் திறந்து பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. சர்க்கரை போட்ட பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொள்ளும். பஸ் ஓட்டி முடித்து அவள் இரண்டு மணிக்குத் திரும்பும்போது பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடக்கும். மாலையில் முயல் இறைச்சி தின்றதும் பழைய நெட்டில். வருகிறது, போகிறது. இப்படியும் ஒரு நோய் உண்டா?

பக்கத்துத் தோட்டத்திலிருந்து தம்பி கிளிஃபர்ட் வேலிமேல் சாய்ந்தான்.

"ஆறு வயசாச்சுக்கா. முயல் வளைக்குள்ள போய் இப்படிக் கனா கண்டா, யாரு தோண்டி எடுக்கறது? சனிக்கிழமை நானே முடிச்சு விட்டுடறேன். அதுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"உனக்கு அம்பத்தெட்டு. பப்புல வாயத் தொறந்துகிட்டுத் தூங்கற. உன்னை யாராவது முடிச்சு விட்டாங்களாடா?"

அவன் சிரித்தான். ஆனால் சனிக்கிழமை வரும் எண்ணத்தைக் கைவிடவில்லை. அவனுடைய ஃபெரட்கள் எல்லாம் அப்படித்தான் போயின.

அன்றிலிருந்து ஹேசல் பஸ் அட்டவணையின் பின்பக்கத்தில் நேரம் குறித்தாள். எப்போது தின்றது, எப்போது ஓடியது, எப்போது பார்த்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அந்தத் தாளில் ஏதோ தெரிவதுபோல இருந்தது. பால் குடித்தால் ஒரு மணி நேரம் வெளிச்சம். அதன்பின் முன்னைவிட ஆழமான கனவு.

கால்நடை மருத்துவர் முதலில் தாளைப் படித்தார். பிறகுதான் ஒரு துளி ரத்தம் எடுத்தார்.

"சர்க்கரை இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லம்மா. பாலும் ரொட்டியும் யாரு குடுக்கச் சொன்னா?"

"எங்க தெருவுல எல்லாரும் குடுப்பாங்க. ஃபெரட்டுன்னா பாலும் ரொட்டியும்தானே?"

அவர் பொறுமையாகச் சொன்னார். கணையத்தில் சின்னக் கட்டி. ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினை அது அளவில்லாமல் சுரக்கிறது. இனிப்பு வந்தால் இன்னும் பாய்ந்து சுரக்கிறது. ஒருத்தர் மணி அடித்ததும் பஸ்ஸில் உள்ள எல்லோரையும் இறக்கிவிடும் நடத்துனர் மாதிரி என்று ஹேசல் நினைத்துக்கொண்டாள். ஃபெரட்டின் குடலோ குட்டை. தின்றது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியேறிவிடும். இரவெல்லாம் வெறும் வயிறு. விடியும்போது மூளைக்கு எட்டச் சர்க்கரையே மிச்சமிருக்காது. நெட்டில் எதையும் பார்க்கவில்லை. வெறும் பசிதான்.

"குணமாகாது. மருந்து தரேன். ஆனா சாப்பாட்டை நேரத்துக்குக் குடுத்தா நல்லா இருக்கற நாள் நெறைய கெடைக்கும்."

சனிக்கிழமை கிளிஃபர்ட் கையுறையோடு வந்தான். கூண்டுக்கும் அவனுக்கும் நடுவில் நின்று ஹேசல் தாளை நீட்டினாள். அவன் அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் படித்தான்.

"ஆறு மணிக்கு நான் இறைச்சி குடுத்துட்டுப் போயிடுவேன்," என்றாள் ஹேசல். " ரெண்டு மணிக்கு வந்துடுவேன். நடுவுல பத்து மணிக்குத்தான் ஆள் இல்ல."

நெட்டில் அவன் செருப்பை முகர்ந்தது. பிறகு முதுகை வளைத்து, பக்கவாட்டில் ஒரு துள்ளு.

அவன் கையுறைகளைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்தான். "கோழியா, முயலா?"

"எதுவானாலும் சரி."

கூண்டுக் கதவில் ஹேசல் ஆணியடித்து மாட்டிய அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் இறைச்சி. ராத்திரிக்குக் கூண்டுக்குள் ஒரு கிண்ணம். மருந்து காலை, மாலை. மயங்கி விழுந்தால் மட்டும் ஈறில் துளி தேன், எழுந்ததும் இறைச்சி. பாலும் ரொட்டியும் கிடையாது.