மூன்றாவது குழல்

மூவாரில் இருக்கும் என் பழைய சாமான் கடைக்கு, பெக்கோக்கிலிருந்து மைத்துனன் ரேமண்ட் ஒரு வேட்டைத் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். மேலே இரண்டு குழல், அடியில் சிறியதாக இன்னொன்று. பக்கவாட்டில் ஒரு மானும், செய்த ஜெர்மன்காரனின் பெயரும் செதுக்கப்பட்டிருந்தன.

"எஸ்டேட் துரையோடது மச்சான். தாத்தா காலத்துலருந்து செவுத்துலதான் தொங்குது. யாரும் சுட்டதே இல்ல லா."

ரேமண்ட் வாயைத் திறந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். அன்று மாதா மேல் சத்தியம் வேறு செய்தான்.

துப்பாக்கியை மடக்கித் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். மேல் குழல்கள் இரண்டிலும் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அடிக்குழல் மட்டும் பளபளத்தது. புது எண்ணெய் வாசனை அடித்தது.

"இது என்னடா?"

"அது குழல் இல்ல மச்சான். தொடைக்கிற கம்பி வைக்கிற எடம்."

"கம்பி வைக்கிற எடத்துக்கு உள்ள எதுக்குடா தோட்டா சுத்திப் போற மரை?"

அந்த நேரம் பார்த்து என் மனைவி வினிஃப்ரெட் தேநீரோடு வந்தாள். ஈஸ்டருக்குத் தம்பி ரேமண்ட் கொடுத்த காட்டுப்பன்றிக் கறியில் ஈயத் துண்டைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டவள். துப்பாக்கியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"கண்ணியில மாட்டுன பன்னின்னு சொன்னியேடா. ஈயத்தத் தின்னுட்டா வந்து மாட்டுச்சு?"